பி0700 மட்டும் வருகிறது, கியர் மூன்றிலேயே நின்றுவிடுகிறது: கியர்பாக்ஸை இறக்கும் முன் ஸ்கேனரில் என்னென்ன பார்க்க வேண்டும்?

வழிப்போக்கன் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது டார்க் கன்வர்ட்டர் (எஞ்ஜினின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கொண்ட ஆறு கியர் ஆட்டோமேட்டிக் கார். அண்மைக் காலமாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வெட்டு வெட்டிவிட்டு, செக் எஞ்ஜின் விளக்கு எரிந்து, அதன்பின் வண்டி மூன்றாம் கியரைத் தாண்ட மறுக்கிறது. ஓரமாக நிறுத்தி, எஞ்ஜினை அணைத்து, சற்று நேரம் கழித்துக் கிளப்பினால் எல்லாக் கியர்களும் பழையபடி விழுகின்றன. பிறகு எப்போது மறுபடியும் வெட்டும் என்று சொல்ல முடிவதில்லை.

வண்டியின் கணினியைக் கைபேசியோடு இணைக்கும் ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரைப் பொருத்திக் கைபேசிச் செயலியில் பார்த்தேன். பி0700 என்ற ஒரே பழுதுக் கோடுதான் (code) வருகிறது. ஒரு பட்டறையில் அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் கிளட்ச் தேய்ந்துவிட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அது சரியாகவே இருக்கலாம். ஆனால் இந்த ஒரு கோட்டை வைத்து அந்த முடிவுக்கு வர இயலுமா என்பதுதான் என் ஐயம்.

---

பல்சக்கரம்

இயலாது. பி0700 என்பது பழுதின் பெயரே இல்லை. கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினியாகிய டிசிஎம் தன்னிடம் ஒரு கோட்டைப் பதிந்துகொண்டு, செக் எஞ்ஜின் விளக்கை எரியவிடும்படி எஞ்ஜின் கணினியைக் கேட்டுக்கொண்டது என்பதற்கு மேல் அதில் ஒரு செய்தியும் கிடையாது. உண்மையான கோடு டிசிஎம்மின் நினைவகத்தில் இருக்கிறது. உங்கள் அடாப்டர் பெரும்பாலும் எஞ்ஜின் கணினியோடு மட்டுமே பேசுகிறது. மாசுக் கட்டுப்பாட்டிற்காக வகுக்கப்பட்ட பொதுவான ஓபிடி-2 முறைக்கு அவ்வளவுதான் கடமை. கியர்பாக்ஸ், ஏபிஎஸ் போன்ற பிற கணினிகளைத் தனித்தனியாகத் திறந்து படிக்கும், உங்கள் வண்டித் தயாரிப்பாளரின் தரவுகளை அறிந்த ஸ்கேனர் ஒன்று வேண்டும். விலைக்கு வாங்க வேண்டும் என்பதில்லை. அத்தகைய ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் ஒரு முறை படித்து வந்தால் போதும்.

படிக்கும்போது கோடுகளை மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். கோட்டோடு பெரும்பாலும் ஃப்ரீஸ் ஃப்ரேம் எனப்படும், பழுது நேர்ந்த கணத்தின் அளவுகளைப் பிடித்துவைத்த பதிவும் இருக்கும். எஞ்ஜின் கணினி பி0700 உடன் சேமித்திருப்பதில் எஞ்ஜினின் சுழற்சி, வேகம், குளிர்விப்பானின் வெப்பம் போன்றவைதாம் இருக்கும். டிசிஎம் தனக்கென்று சேமித்திருக்கும் பதிவு பல வண்டிகளில் இதைவிடப் பயனுள்ளது: எந்தக் கியரைக் கட்டளையிட்டது, ஆயில் வெப்பம் எவ்வளவு, உள்ளீட்டு வேகமும் வெளியீட்டு வேகமும் எவ்வளவு என்பவை அதில் கிடைக்கும்.

---

பழையஸ்பேனர்

பல்சக்கரம் சொன்னதோடு ஒரு வேண்டுகோள்: அதுவரை செயலியில் உள்ள அழிக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். எப்போதாவது மட்டும் வரும் பழுதுக்கு அதுவே ஒரே சாட்சி.

ஸ்கேனர் கிடைக்கும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள்: எஞ்ஜின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வரையும் இருந்தால் நலம். மின்னழுத்தம் சரியும்போது டிசிஎம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கோடுகளைக் கொத்தாகப் பதிந்துவிடும்; அப்போது பி0562 (மின்னழுத்தக் குறைவு) அல்லது யு வரிசைக் கோடுகளும் (கணினிகளுக்கிடையிலான தொடர்புக் குறை) உடன் வந்திருந்தால் கியர்பாக்ஸின் மேல் கை வைக்கும் முன் பேட்டரி முனைகளையும் எர்த் வயர்களையும் பார்ப்பது வழக்கம். அடுத்து ஆயில். அளவுக்கோல் இல்லாத மூடிய பெட்டி என்றால் கையேட்டில் சொன்ன ஆயில் வெப்பத்தில் மட்டுமே மட்டம் பார்க்க வேண்டும், அந்த வெப்பத்தையும் ஸ்கேனரில்தான் படிக்க வேண்டும். ஆயில் கருகிய வாடை அடிக்கிறதா, விரலில் தேய்த்தால் கறுப்புத் தூள் தட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள்.

---

வழிப்போக்கன்

இருவருக்கும் நன்றி. பேட்டரியும் சார்ஜும் சரியாக உள்ளன. ஆயில் மட்டம் சரி, நிறம் சற்று மங்கிய சிவப்பு, கருகல் வாடை இல்லை. நண்பர் ஒருவரின் ஸ்கேனரில் டிசிஎம்மைத் திறந்து படித்ததில் கிடைத்தவை: பி0723, பி0732, பி0733, பி0735.

கடைசி மூன்றும் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் கியர்களின் விகிதம் தவறு என்று காட்டுகின்றன. மூன்று கியர்கள் ஒரே நேரத்தில் கெட்டுவிட்டன என்றால் பட்டறையில் சொன்னது சரிதானோ என்று தோன்றுகிறது.

---

கிளட்ச்பேக்

தோன்றுவது சரிதான். விகிதக் கோடு வந்தாலே உள்ளே ஏதோ வழுக்குகிறது என்று பொருள். அதுவும் மூன்று கியர்களில் வந்திருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் தேய்ந்த தூள் வால்வ் பாடிக்குள் (ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பகுதி) போய் இன்னும் கெடுக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஓவர்ஹாலுக்கு ஏற்பாடு செய்வேன்.

---

பல்சக்கரம்

கிளட்ச்பேக் சொல்வதை நான் மறுக்க வேண்டியிருக்கிறது. தனியாக ஒரே ஒரு விகிதக் கோடு வந்திருந்தால் அவர் கவலை நியாயமானது. இங்கே முதலில் நிற்பது பி0723. அது வெளியீட்டு வேக சென்சாரின் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது என்று சொல்லும் கோடு. மற்ற மூன்றும் அந்த சென்சார் தரும் எண்ணை வைத்துப் போடப்பட்ட கணக்கின் விடைகள்.

கியர்பாக்ஸுக்குள் கிளட்ச் வழுக்குவதை நேரடியாக அளக்கும் சென்சார் எதுவும் கிடையாது. உள்ளீட்டுத் தண்டின் வேகத்தை, அதாவது டார்க் கன்வர்ட்டரின் டர்பைன் வேகத்தை, சக்கரங்களை நோக்கிப் போகும் வெளியீட்டுத் தண்டின் வேகத்தால் டிசிஎம் வகுக்கிறது. வரும் ஈவு கட்டளையிட்ட கியரின் விகிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக் கியருக்குரிய பி073 வரிசைக் கோட்டைப் பதிகிறது. மூன்றாம் கியரின் விகிதம் 1.52 என்று கொள்வோம். டர்பைன் நிமிடத்திற்கு 1976, வெளியீடு 1300 என்றால் ஈவு 1.52, எல்லாம் சரி. கிளட்ச் வழுக்கினால் டர்பைன் 2300க்கு ஏறியிருக்க வெளியீடு 1300லேயே நிற்கும், ஈவு 1.77 ஆகும். சென்சார் சிக்னலை விட்டால் டர்பைன் 1976லேயே இருக்க வெளியீடு மட்டும் 950 என்று காட்டும், ஈவு 2.08 ஆகும். இரண்டுக்கும் டிசிஎம் எழுதுவது ஒரே பி0733தான். ஆகவே கோட்டைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. இரண்டு வேகங்களில் எது இடம்பெயர்ந்தது என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனையை ஸ்கேனர்கூட இல்லாமல், காகிதத்திலேயே செய்யலாம். சர்வீஸ் கையேட்டில் எந்தக் கியருக்கு எந்தக் கிளட்ச், எந்தப் பிரேக் பிடிக்கும் என்ற அட்டவணை இருக்கும். பல ஆறு கியர் பெட்டிகளில் காணப்படும் அமைப்பு இது: ஒரு கிளட்ச் 1 முதல் 4 வரை பிடிக்கும், இன்னொன்று 4, 5, 6க்கு, மூன்றாவது 3, 5, ரிவர்ஸுக்கு, ஒரு பிரேக் 2, 6க்கு, மற்றொரு பிரேக் 1, ரிவர்ஸுக்கு. உங்கள் பெட்டியும் இதே வகை என்றால் 2, 3, 5 ஆகிய மூன்றுக்கும் பொதுவான கிளட்ச் ஒன்றுகூட இல்லை. ரிவர்ஸிலும் 3, 5 கியர்களிலும் மட்டும் கோடு வந்திருந்தால் மூன்றாவது கிளட்சை நான் ஐயப்படுவேன். 4, 5, 6 என்றால் இரண்டாவதை. உங்கள் பட்டியலில் உள்ள கியர்களை ஒன்று சேர்ப்பது அந்த ஒரு சென்சார்தான். இரண்டு கிளட்சுகள் ஒரே வாரத்தில், ஆயிலில் கருகல் வாடைகூட இல்லாமல் தேய்ந்துபோவது நடக்காது என்று நான் சொல்லவில்லை. முதலில் ஐயப்பட வேண்டியது அதுவல்ல என்று மட்டும் சொல்கிறேன்.

---

கிளட்ச்பேக்

அட்டவணையை வைத்துப் பார்க்கும் வாதம் ஏற்கத்தக்கது. ஆனால் வால்வ் பாடியில் பொதுவான அழுத்தமே குறைந்தால் எல்லாக் கியர்களும் வழுக்கும் அல்லவா? அப்போதும் இதே பட்டியல்தான் வரும்.

---

பல்சக்கரம்

நல்ல கேள்வி. அந்தப் பொதுவான அழுத்தம், அதாவது லைன் அழுத்தம், குறைந்தால் எல்லாக் கியர்களும் வழுக்கக்கூடும். அதற்கென்று பி0868 போன்ற கோடும், பி0745 வரிசையும் உண்டு, ஆனால் அழுத்த சென்சார் இல்லாத பெட்டிகளில் பி0868 வரவே வராது. அப்படிப்பட்ட வழுக்கலில் எஞ்ஜின் இரைச்சல் ஏறுவதை ஓட்டுநர் காதாலேயே கேட்டிருப்பார். வழிப்போக்கன் அவர்களே, வெட்டும் நேரத்தில் எஞ்ஜின் சுழற்சி திடீரென்று ஏறியதா?

---

வழிப்போக்கன்

இல்லை. டேக்கோமீட்டர் முள் அசையாமல் இருந்தது. அதன்பின் கீழ்க் கியருக்கு வெட்டியபோதுதான் ஏறியது. டிசிஎம்மின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் ஆயில் வெப்பம் 88 பாகை, கட்டளையிட்ட கியர் 5, வெளியீட்டு வேகம் 0 என்றிருக்கிறது. வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

---

மின்சுற்று

அப்படியென்றால் திசை தெளிவாகிவிட்டது. ஆயினும் லைவ் டேட்டாவில் (வண்டி ஓடும்போதே ஸ்கேனர் காட்டும் அளவுகள்) ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டுக் கை வைப்பது நல்லது. அதைப் பதியும் முறையில் பலரும் கவனிக்காத இரண்டு செய்திகள் உண்டு.

ஒன்று, வேகத்தை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. பொதுவான ஓபிடி-2 பட்டியலில் வரும் வாகன வேகம் பல வண்டிகளில் இதே வெளியீட்டு சென்சாரிலிருந்து எடுக்கப்பட்டதாகவே இருக்கும். அதையும் சென்சார் வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் சேர்ந்தே விழும், ஒன்றும் விளங்காது. ஏபிஎஸ் கணினியிலிருந்து வரும் சக்கர வேகத்தைத் தேர்ந்தெடுங்கள்; அது தனி சென்சார்கள், தனி வயரிங்.

மற்றொன்று, பதிவின் அடர்த்தி. திரையில் இருபது அளவுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஒவ்வொன்றும் வினாடிக்கு ஒரு முறைகூடப் புதுப்பிக்கப்படாமல் போகலாம். சிக்னல் கண்ணிமைக்கும் நேரத்திற்கு அறுந்துவிட்டுத் திரும்பினால் அந்த இடைவெளியில் அது தப்பிவிடும். டர்பைன் வேகம், வெளியீட்டு வேகம், ஒரு சக்கரத்தின் வேகம், கட்டளையிட்ட கியர் ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, வேறொருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பக்கத்தில் அமர்ந்து பதிவு செய்யுங்கள். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கும் வேலை வேண்டாம்.

---

பழையஸ்பேனர்

இவ்வளவு எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த சென்சார் வெளியிலிருந்தே ஒரே போல்ட்டில் கழன்று வரும் இடத்தில் இருந்தால் புதியது ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடலாம். பட்டறையில் நாங்கள் பல நேரம் அப்படித்தான் செய்கிறோம்.

---

மின்சுற்று

பழையஸ்பேனர் ஐயா, பட்டறையில் உங்கள் கையில் மாற்றிப் பார்க்க ஒரு சென்சார் இருக்கும். பொருந்தாவிட்டால் திரும்ப அலமாரிக்குப் போகும். தனிமனிதர் வாங்கிவிட்டால் அது அவருடையது. அதைவிட, கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதே தளர்ந்த பின் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, பழுது சில நாள் மறைந்து, புது சென்சாரால்தான் சரியானது என்ற எண்ணத்தை உண்டாக்கிவிடும். பி0723இன் விளக்கத்தில் சுற்று என்ற பொருள் அடங்கியிருக்கிறது. சென்சார், கனெக்டர், வயர், டிசிஎம்மின் பின் ஆகிய அனைத்தும் அந்தச் சுற்றுதான்.

இரண்டு வயர் சென்சார் என்றால் அது பெரும்பாலும் காந்தச்சுருள் வகை. அதன் மின்தடையைக் கையேட்டில் தந்த அளவோடு ஒப்பிடலாம். சக்கரம் சுழலும்போது ஏசி வோல்ட் வேகத்தோடு கூட ஏற வேண்டும். மூன்று வயர் என்றால் பெரும்பாலும் ஹால் வகை (காந்தப்புல மாற்றத்தை உணரும் மின்னணு சென்சார்). அதில் மின்தடை பார்ப்பது பயனற்றது. மின்வழங்கல், கிரவுண்ட், சிக்னல் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் முனையைக் கழற்றி இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

---

வழிப்போக்கன்

தம்பியை ஓட்டச் சொல்லிப் பதிவு செய்தேன். சீரான வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது, பள்ளமான இடம் ஒன்றில் வண்டி குலுங்கியதும் வெளியீட்டு வேகம் 1640இலிருந்து 0க்கு விழுந்து, உடனே 1640க்கு ஏறி, மறுபடியும் 0க்கு விழுந்தது. டர்பைன் வேகமும் முன்சக்கர வேகமும் அந்த நேரம் முழுக்க மாறாமல் சீராகப் போகின்றன. இரண்டாம் முறை விழுந்த பிறகு கட்டளையிட்ட கியர் 5இலிருந்து 3க்கு மாறுகிறது, வெட்டு அங்கேதான். சென்சார் மூன்று வயர் வகை. முனையில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை மட்டும் இருந்தது, தூள் குவியல் இல்லை.

---

மின்சுற்று

குலுங்கும்போது விழுகிறது என்றால் வயரிங்கை ஐயப்படுங்கள். எஞ்ஜினை ஓடவிடாமல், இக்னிஷனை மட்டும் போட்டு, கனெக்டரின் பின்புறமிருந்து மல்டிமீட்டரின் முனையைச் செருகி மின்வழங்கல் வயரில் வோல்ட்டைப் பாருங்கள். வயரின் உறையைக் குத்த வேண்டாம், அந்தத் துளை வழியே நீர் புகுந்து அடுத்த பழுதை நீங்களே விதைத்ததாகிவிடும். மீட்டரைப் பார்த்தபடியே வயர்க்கட்டைக் கனெக்டரிலிருந்து தொடங்கிக் கைப்பிடி கைப்பிடியாக வளைத்துக்கொண்டு போங்கள். பிறகு கிரவுண்ட் வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே இதையே செய்யுங்கள். அங்கே எண் சுழியத்தை ஒட்டியே நிற்க வேண்டும். எப்பக்கமும் எண் துள்ளாவிட்டால் சிக்னல் வயரை இரு முனைகளிலும் கழற்றி, தொடர்ச்சியைப் பார்த்துக்கொண்டே வளைக்க வேண்டும். வண்டியின் அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

வழிப்போக்கன்

கிடைத்துவிட்டது. மின்வழங்கல் வயரில் 5 வோல்ட் நிலையாக இருந்தது. கியர்பாக்ஸின் மேல்பகுதியில் வயர்க்கட்டைத் தாங்கும் தகட்டுப் பிடிப்பு அருகே வளைத்தபோது 1.3க்கு விழுந்து திரும்பியது. நெளிகுழாயைப் பிரித்துப் பார்த்தால், தகட்டின் விளிம்பு உரசி ஒரு வயரின் உறை ஒரு நகத்தின் நீளத்திற்குக் கிழிந்திருக்கிறது. உள்ளே செம்பிழைகள் பச்சை பூத்து, பெரும்பாலானவை அறுந்து, இரண்டு மூன்று இழைகளே ஒட்டிக்கொண்டிருந்தன. பச்சை பூத்த பகுதியை முழுவதும் வெட்டி எடுத்து, அதே தடிமனில் புதிய துண்டு சேர்த்து, சால்டர் வைத்து, பசையுள்ள வெப்பச்சுருக்கக் குழாய் போட்டு மூடினேன். தகட்டின் விளிம்பிலும் ரப்பர் சுற்றியாகிவிட்டது.

கோடுகளை அழித்துவிட்டு அதே பள்ளமான பாதையில் ஓட்டிப் பதிவு செய்ததில் வெளியீட்டு வேகம் ஒரு முறைகூட விழவில்லை. நிலுவைக் கோடுகளும் (இன்னும் உறுதியாகாதவை) இல்லை. இனி அடாப்டேஷனையும் (டிசிஎம் ஓட்டத்தில் கற்று வைத்தவை) அழிக்க வேண்டுமா?

---

பழையஸ்பேனர்

வயரைக் கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள். அடாப்டேஷனை அழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒவ்வொரு கிளட்சும் பிடிக்க எவ்வளவு நேரமும் அழுத்தமும் வேண்டும் என்பதை டிசிஎம் நெடுநாள் கற்று வைத்திருக்கிறது. அதை அழித்தால் புதிதாகக் கற்கும்வரை கியர் மாற்றங்கள் முரட்டுத்தனமாக இருக்கும். வால்வ் பாடியையோ கிளட்சையோ கணினியையோ மாற்றியிருந்தால்தான் அழித்துவிட்டுக் கற்பிக்கும் முறையைச் செய்ய வேண்டும்.

---

பல்சக்கரம்

அதே கருத்துதான் எனக்கும், ஒரு விலக்கோடு. பழுது இருந்த காலத்தில் தவறான விகிதத்தை வைத்து டிசிஎம் அழுத்தத்தைக் கூட்டிக் கற்றிருந்தால் சில மாற்றங்கள் இப்போது சற்று அதிர்வோடு நடக்கலாம். சில காலம் இயல்பாக ஓட்டியும் அது தணியாவிட்டால் அப்போது அழிப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

---

ஐந்தாம்கியர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும்; என் கேள்வியும் இதை ஒட்டியதுதான். என் வண்டியில் பி0741 வருகிறது. 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் மிதமாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது சாலையில் போட்ட சொரசொரப்பான பட்டைகளின் மேல் ஏறியது போன்ற நடுக்கம். சோலனாய்டை (மின்கட்டளையால் ஆயில் வழியைத் திறந்து மூடும் வால்வை) மாற்றச் சொல்கிறார்கள்.

---

பல்சக்கரம்

சோலனாய்டின் மின்சுற்றில் குறை இருந்தால் பி0743 வந்திருக்கும். பி0741 சொல்வது, மின்கட்டளை போனது, ஆனால் கன்வர்ட்டர் கிளட்ச் (டார்க் கன்வர்ட்டரைப் பூட்டி எஞ்ஜினையும் கியர்பாக்ஸையும் நேரடியாக இணைப்பது) எதிர்பார்த்தபடி பிடிக்கவில்லை என்பது. அதற்குக் காரணம் சோலனாய்டின் வால்வு அடைத்திருப்பதாக இருக்கலாம், வால்வ் பாடியின் துளை தேய்ந்து அழுத்தம் கசிவதாக இருக்கலாம், ஆயில் தன் குணத்தை இழந்ததாக இருக்கலாம், கிளட்சின் உராய்வுப் பரப்பே போனதாகவும் இருக்கலாம். சோலனாய்டு அந்த நான்கில் ஒன்றுதான்.

லைவ் டேட்டாவில் எஞ்ஜின் சுழற்சியிலிருந்து டர்பைன் வேகத்தைக் கழியுங்கள். முழுப் பூட்டுக் கட்டளை இருக்கும்போது வித்தியாசம் சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். நடுக்கத்தின்போது அது ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் நடுங்குவது கன்வர்ட்டர் கிளட்ச்தான். ஸ்கேனர் இல்லாத நேரத்தில், நடுக்கம் வரும்போது ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, இடக்காலால் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். பிரேக் சுவிட்ச் செயல்பட்டதும் டிசிஎம் பூட்டை விடுவித்துவிடும். நடுக்கம் அந்தக் கணமே நின்றால் ஐயம் வலுக்கும்.

---

மின்சுற்று

அந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. எஞ்ஜினில் ஏதேனும் ஒரு சிலிண்டர் எரியத் தவறினாலும், கன்வர்ட்டர் பூட்டியிருக்கும்போதுதான் அந்த உதறல் வண்டியெங்கும் பரவும். பூட்டை விடுவித்தால் ஆயில் அதை உள்வாங்கி, நின்றுவிட்டது போலக் காட்டும். ஆகவே பி0300 வரிசைக் கோடுகளையும், ஸ்கேனர் காட்டுமானால் சிலிண்டர் வாரியான மிஸ்ஃபயர் எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள். அது சுத்தமாக இருந்து, ஆயில் மாற்றி நெடுங்காலம் ஆகியிருந்தால், கையேட்டில் குறிப்பிட்ட அதே தரத்து ஆயிலை மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை. சோலனாய்டுக்காக வால்வ் பாடியைக் கழற்ற எப்படியும் ஆயிலை வடிக்கத்தான் வேண்டும். வடித்த தட்டின் காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே பேசலாம்.